செசில் கிம்பர்: எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கி, எம்ஜியையே இழந்தவர்

இந்தியச் சாலைகளில் 2019-ஆம் ஆண்டு முதல் எம்ஜி என்ற பெயரில் கார்கள் ஓடுகின்றன. குஜராத் மாநிலம் ஹாலோலில் உள்ள ஆலையில் தயாராகும் இக்கார்களின் முகப்பில் எண்கோணச் சின்னம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இதே சின்னத்தைத் தாங்கிய, இருவர் மட்டுமே அமரக்கூடிய, நீண்ட முன்பகுதி கொண்ட பழைய திறந்த கார்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு இன்றும் விற்பனைக்கு வருகின்றன. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் ஆலையிலிருந்து வெளியேறிய அந்த வண்டிகளுக்காக ஏலக்கூடங்களில் போட்டி நிலவுகிறது.

எம்ஜி என்ற இரண்டு எழுத்துகள் மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் இருந்த கார் விற்பனை நிலையம் அது. அதன் உரிமையாளர் வில்லியம் மோரிஸ். அவருடைய பெயர் இந்தியர்களுக்குப் புதிதன்று. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் பல பத்தாண்டுகள் தயாரான அம்பாசிடர் காரின் மூல வடிவம், அவர் நிறுவிய தொழிற்குழுமத்திலிருந்து வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான்.

ஆனால், எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியவர் மோரிஸ் அல்லர். அவரிடம் ஊதியத்துக்குப் பணியாற்றிய மேலாளர் ஒருவர் அதனை உருவாக்கினார். செசில் கிம்பர் என்ற அந்த மனிதர் தாம் வளர்த்த நிறுவனத்துக்கு ஒருபோதும் உரிமையாளராக இருந்ததில்லை. இறுதியில் அங்கிருந்தே வெளியேற்றப்பட்டார். தாம் தொடங்கிவைத்த கார்கள் உலகப் புகழ் பெற்றதைக் காண அவர் உயிருடன் இல்லை.

விபத்தில் மாறிய இளமை

செசில் கிம்பர் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி தெற்கு லண்டனில் பிறந்தார். தந்தை ஹென்றி கிம்பர் அச்சு மை தயாரிப்புத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். குடும்பம் பின்னர் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டாக்போர்ட் இலக்கணப் பள்ளியில் பயின்ற கிம்பர், படிப்பு முடிந்ததும் தந்தையின் தொழிலிலேயே சேர்ந்தார். அவருடைய உள்ளமோ மோட்டார் சைக்கிள்களிலேயே இருந்தது.

1910-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளில் சென்றபோது அவர் பெரும் விபத்தில் சிக்கினார். வலது கால் எலும்பு நொறுங்கியது. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் எலும்பு கூடவில்லை. காலையே அகற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் கருதும் நிலை ஏற்பட்டது. நீண்ட காலத்துக்குப் பின் எலும்பு கூடியது என்றாலும் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிப் போனது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் சற்றுச் சாய்ந்தே நடந்தார்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அத்துடன் முடிந்தது. கார்களின் மீதான ஈடுபாடு அங்கிருந்து தொடங்கியது. விபத்துக்காகக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு அவர் சிங்கர் நிறுவனத்தின் சிறிய கார் ஒன்றை வாங்கினார். நலிந்துகொண்டிருந்த குடும்பத் தொழிலில் அப்பணத்தை முதலீடு செய்ய வேண்டும் என்று தந்தை எதிர்பார்த்தார். மகன் மறுத்தார். இருவருக்கும் இடையே ஏற்பட்ட பிளவு பின்னர் சரியாகவே இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் கிம்பர் மோட்டார் தொழிலுக்குள் நுழைந்தார். ஷெஃபீல்டு சிம்பிளெக்ஸ், ஏசி கார்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களில் பணியாற்றினார். 1915-ஆம் ஆண்டு ஐரீன் ஹண்ட் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள் பிறந்தனர். போர் முடியும் தறுவாயில் பர்மிங்காமில் இருந்த ரிக்லி என்ற உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்த அவர், தம் சேமிப்பின் பெரும்பகுதியை அங்கேயே முதலீடு செய்தார். அந்த நிறுவனம் நம்பியிருந்த கார்த் திட்டம் தோல்வியுற்றது. கிம்பரின் பணமும் அத்துடன் போயிற்று.

கைப்பொருளை இழந்து, மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் 1921-ஆம் ஆண்டு அவர் ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். மோரிஸ் கராஜஸ் நிலையத்தில் விற்பனை மேலாளர் வேலை கிடைத்தது. மறு ஆண்டே பொது மேலாளர் பதவி காலியாக, அப்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 33.

சாதாரண காருக்குப் புதிய உருவம்

வில்லியம் மோரிஸின் தொழில், நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் உறுதியான கார்களைத் தருவது. ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் அவருடைய பெரிய ஆலை இயங்கியது. மோரிஸ் கராஜஸ் அந்த ஆலையைச் சேர்ந்தது அன்று. மோரிஸின் தனிச் சொத்து. ஆலையில் தயாரான கார்களை விற்பதும் பழுதுபார்ப்பதும் அதன் வேலை.

அந்தக் கார்களில் குறை இல்லை என்றாலும் கவர்ச்சியும் இல்லை என்பதைக் கிம்பர் கண்டார். மோரிஸ் காரின் சேஸிஸை வாங்கி, தொங்குதட்டுகளைத் தாழ்த்தி, ஸ்டீயரிங்கின் சாய்வை மாற்றி, அழகிய இலகுவான உடற்கூட்டை அதன்மேல் பொருத்தினால், அதே உதிரிபாகங்களில் முற்றிலும் வேறான வண்டி ஒன்றைப் பெறலாம் என்பது அவருடைய எண்ணம். எம்ஜி என்ற பெயரின் முழு வரலாறும் இந்த எண்ணத்தில் அடங்கியிருக்கிறது. விலையுயர்ந்த புதிய எஞ்சினை வடிவமைப்பதற்கு மாறாக, ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தயாராகும் பாகங்களை நன்றாகப் பயன்படுத்தும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார்.

1923-ஆம் ஆண்டு, லண்டன் பகுதியிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனை வரை செல்லும் லேண்ட்ஸ் எண்டு ஓட்டத் தேர்வில் தாம் மாற்றியமைத்த மோரிஸ் காரைத் தாமே ஓட்டிச் சென்று தங்கப் பதக்கம் பெற்றார். அதைத் தொடர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ரேவொர்த் என்ற உடற்கூடு தயாரிப்பாளரிடம் ஆறு ஸ்போர்ட்ஸ் வடிவங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த ஆறு கார்களை விற்பதற்கே நீண்ட காலம் பிடித்தது. விலை அதிகம் என்று வாடிக்கையாளர்கள் தயங்கினர். அவர் மனம் தளரவில்லை.

எண்கோணச் சின்னத்தை வரைந்தவர் எட்மண்ட் லீ என்ற அந்நிலையத்தின் கணக்கர். 1924-ஆம் ஆண்டு அச்சின்னம் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. கிம்பருக்கு எண்கோணத்தின் மீது தனிப் பற்று உண்டாயிற்று. ரேடியேட்டர் மூடி முதல் அளவுமானிகள் வரை காரின் பல பாகங்களில் அவ்வடிவம் இடம்பெறத் தொடங்கியது.

1925-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நடைபெற்ற லேண்ட்ஸ் எண்டு தேர்வுக்காக அவர் தனிச் சிறப்புடன் ஒரு காரைத் தயாரித்தார். சாம்பல் நிறத்தில், மெல்லிய உடற்கூட்டுடன் அமைந்த அக்காரில் சென்று மீண்டும் தங்கப் பதக்கம் வென்றார். முதல் எண் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் கார் உண்மையில் முதல் எம்ஜி அன்று. அதற்கு முன்பே அப்பெயரில் கார்கள் விற்கப்பட்டன. ஆனால், போட்டிக்கென்றே தொடக்கத்திலிருந்து தயாரிக்கப்பட்ட முதல் எம்ஜி என்ற பெருமை அதற்கு உண்டு. தேர்வு முடிந்ததும் கிம்பர் அதனை நண்பர் ஒருவருக்கு 300 பவுண்டுக்கு விற்றுவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த அதே கார் 15 பவுண்டு கொடுத்து மீட்கப்பட்டது. இன்று அது காய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஆபிங்டனின் பொற்காலம்

கார்களின் எண்ணிக்கை பெருகப் பெருக இடம் போதவில்லை. சில ஆண்டுகளுக்குள் மூன்று இடங்கள் மாறிய தயாரிப்பு, 1929-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் நிலைபெற்றது. தோல் தொழிற்சாலையாக இருந்த கட்டடங்கள் கார் ஆலையாக மாறின. அங்கு நகரும் பட்டைகளோ பெரும் இயந்திரங்களோ இல்லை. தொழிலாளர்கள் ஒரு காரைக் கையால் தள்ளி அடுத்த நிலைக்குக் கொண்டுசென்றனர்.

இடமாற்றத்துக்கு முந்தைய ஆண்டு, லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் எம்ஜி மிட்ஜெட் என்ற சிறிய கார் அறிமுகமானது. மோரிஸ் மைனர் காரின் சேஸிஸும் 847 சிசி எஞ்சினும் அதற்கு அடிப்படை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய, படகின் பின்முனை போன்ற உடற்கூடு. விலை 175 பவுண்டு. அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்பது செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. மாதச் சம்பளம் பெறும் இளைஞரும் எண்ணிப் பார்க்கக்கூடிய விலையில் அது கிடைத்தது அப்போதுதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மிட்ஜெட்டுகள் விற்றன.

வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறப் பந்தயமே சிறந்த வழி என்று கிம்பர் கருதினார். 1931-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரான்ஸின் மோன்லெரி ஓடுதளத்தில் ஜார்ஜ் ஐஸ்டன் ஓட்டிய எம்ஜி, 750 சிசி வகுப்பில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் கார் ஆயிற்று. அதே ஆண்டு புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் இரண்டு நாள்கள் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்திலும், அயர்லாந்து கிராண்ட் பிரியிலும், அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராஃபியிலும் எம்ஜி கார்கள் வெற்றி பெற்றன.

1933-ஆம் ஆண்டு உச்சம். சூப்பர்சார்ஜர் பொருத்திய ஆறு சிலிண்டர் கே3 மேக்னெட் கார்கள் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் பங்கேற்று, 1,100 சிசி வகுப்பையும் அணிப் பரிசையும் வென்றன. இத்தாலியர் அல்லாத அணி ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டு இத்தாலியின் புகழ்பெற்ற ஓட்டுநர் தாசியோ நுவோலாரி, கே3 காரில் அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராஃபியைக் கைப்பற்றினார்.

இவ்வெற்றிகளுக்குப் பின்னால் எச். என். சார்ல்ஸ் போன்ற வடிவமைப்பாளர்களும், செசில் கசின்ஸ், சிட் எனெவர் போன்ற ஆலைத் திறனாளர்களும் இருந்தனர். கிம்பர் முறையாகப் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். தக்க மனிதரைக் கண்டறிந்து, அவர் கையில் தக்க வேலையை ஒப்படைப்பதே அவருடைய திறமை. காரின் தோற்றத்தைப் பற்றிய முடிவை மட்டும் அவர் எவரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

கைமாறிய அதிகாரம்

புகழ் ஆபிங்டனுக்கு வந்தது. லாபம் அந்த அளவுக்கு வரவில்லை. பந்தயக் கார்களுக்குச் செலவு மிகுந்தது. விதவிதமான மாதிரிகள் குறைந்த எண்ணிக்கையில் தயாராயின. நிறுவனத்தின் உரிமை மோரிஸிடமே இருந்தது. நிர்வாக இயக்குநராக இருந்தும் கிம்பர் ஊழியரே.

1935-ஆம் ஆண்டு, அதற்குள் நஃபீல்டு பிரபு ஆகியிருந்த மோரிஸ், தமது தனிச் சொத்தாக இருந்த எம்ஜி நிறுவனத்தை மோரிஸ் மோட்டார்ஸுடன் இணைத்தார். அதன் நிர்வாக இயக்குநர் லியோனார்டு லார்டு சிக்கனத்தில் கண்டிப்பானவர். ஆபிங்டனின் வடிவமைப்புப் பிரிவு மூடப்பட்டது. பந்தயத் துறை ஒரே நாளில் கலைக்கப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கலமைப்பு கொண்ட புதிய ஆர் வகைப் பந்தயக் கார் அப்போதுதான் களமிறங்கியிருந்தது. அதன் வளர்ச்சியும் அத்துடன் நின்றது.

கிம்பர் ஆபிங்டனின் பொறுப்பில் நீடித்தார். ஆனால் எந்தக் கார் தயாராக வேண்டும் என்ற முடிவு கௌலியில் எடுக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டு வெளிவந்த டிஏ மிட்ஜெட் அப்படி உருவான கார். எளிமையான எஞ்சின், ஹைட்ராலிக் பிரேக், 222 பவுண்டு விலை. பந்தய ஆர்வலர்கள் முதலில் முகம் சுளித்தாலும் ஓட்டிப் பார்த்தபின் ஏற்றுக்கொண்டனர். பொதுவான பாகங்களைக் கொண்டு தனித்தன்மையுள்ள கார் செய்வது என்ற கிம்பரின் பழைய கொள்கை, அவருடைய அதிகாரம் குறைந்த பின்னரும் அந்தக் காரில் உயிர்பெற்றிருந்தது. டி வரிசை என்று இன்று கொண்டாடப்படும் கார்களுக்கு அதுவே தொடக்கம்.

1938-ஆம் ஆண்டு மனைவி ஐரீன் நீண்ட நோய்க்குப் பின் காலமானார். அதே ஆண்டில் கிம்பர் மறுமணம் செய்துகொண்டார்.

போரும் வெளியேற்றமும்

1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கார் தயாரிப்பு நின்றது. டிபி என்ற அடுத்த மாதிரி 379 கார்களுடன் முடிந்தது. ஆபிங்டன் ஆலையின் கருவிகள் அப்புறப்படுத்தப்பட்டன. பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் வேலையின்றி இருந்தனர். மேலிடம் வேலை அனுப்பும் வரை காத்திருக்காமல் கிம்பர் தாமே போர்க்காலப் பணிகளைத் தேடிச் சென்றார். ஆல்பெமார்ல் விமானத்தின் முன்பகுதியை உருவாக்கும் கடினமான ஒப்பந்தம் ஆபிங்டனுக்குக் கிடைத்தது.

பணி திறம்பட நடந்தது. ஆனால் கௌலியின் ஒப்புதலைப் பெறாமல் அவர் அதை ஏற்றுக்கொண்டது குற்றமாகக் கருதப்பட்டது. போர்க்காலத்தில் முழுக் குழுமமும் ஒரே கட்டுப்பாட்டில் இயங்க வேண்டும் என்பது தலைமையின் நிலைப்பாடு. தம் ஆலையின் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்வது கிம்பருக்குப் பழகிப்போன வழி. இவ்விரண்டும் ஒத்துப்போகவில்லை. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் குழுமத்தின் துணைத் தலைவர் மைல்ஸ் தாமஸ், கிம்பரைப் பதவி விலகுமாறு பணித்தார். இருபது ஆண்டு உழைப்பு அத்துடன் முடிவுக்கு வந்தது. அவருக்கு அப்போது வயது 53.

கோவென்ட்ரியில் இருந்த சார்ல்ஸ்வொர்த் நிறுவனத்தை விமானப் பணிகளுக்கேற்பச் சீரமைக்கும் வேலையை அவர் ஏற்றார். பின்னர் பிஸ்டன் தயாரிக்கும் ஸ்பெஷலாய்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்புக்கு அவர் திரும்பவே இல்லை.

1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து லீட்ஸ் நகருக்கு ரயில் ஒன்று புறப்பட்டது. அதன் கடைசிப் பெட்டியில் கிம்பர் அமர்ந்திருந்தார். நிலையத்தை அடுத்துள்ள சுரங்கப் பாதை ஏற்றமானது. நீண்ட ரயிலை இழுத்துச் சென்ற நீராவி எஞ்சினின் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கின. இருளில் ரயில் பின்னோக்கி நகரத் தொடங்கியதை ஓட்டுநர் உடனே உணரவில்லை. பின்வாங்கும் ரயிலைக் காலியாக இருந்த வேறு தடத்துக்குத் திருப்பச் சிக்னல் பணியாளர் முயன்றார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கடைசிப் பெட்டி தடம் புரண்டு சிக்னல் தாங்கியில் மோதி நசுங்கியது. இறந்த பயணிகள் இருவர். அவர்களுள் ஒருவர் கிம்பர். 57-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதங்களே இருந்தன.

மறைவுக்குப் பின் வந்த புகழ்

போர் முடிந்த அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆபிங்டன் ஆலையிலிருந்து எம்ஜி டிசி வெளிவந்தது. போருக்கு முந்தைய டிபி மாதிரியைச் சற்று அகலமாக்கி உருவாக்கப்பட்ட கார் அது. 1,250 சிசி எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், மடக்கக்கூடிய முன்கண்ணாடி, ஆஷ் மரச்சட்டத்தின் மேல் பொருத்திய தகட்டு உடல். 1949-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 10,000 கார்கள் தயாராயின. போரினால் கடனில் மூழ்கிய பிரிட்டனுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டதால் அவற்றில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது.

அமெரிக்காவுக்குச் சென்றவை சுமார் 2,000 மட்டுமே. ஆனால், நீளமும் அகலமுமான கார்களையே கண்டிருந்த அந்நாட்டு இளைஞர்களுக்கு அச்சிறிய வண்டி புது அனுபவமாக இருந்தது. 1961-ஆம் ஆண்டு உலக ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன பில் ஹில், கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கிய கேரல் ஷெல்பி ஆகிய இருவருமே எம்ஜி டிசி காரில்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினர். தொடர்ந்து வந்த டிடி ஏறத்தாழ 30,000, எம்ஜிஏ ஒரு லட்சத்துக்கும் மேல், எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின.

கிம்பரின் வழிமுறை அவற்றிலும் தொடர்ந்தது. 1955-ஆம் ஆண்டு வந்த எம்ஜிஏ காரின் 1,489 சிசி எஞ்சின், அக்காலப் பிரிட்டிஷ் குடும்பக் கார்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட பி வரிசையைச் சேர்ந்தது. அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் இயங்கிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான். ஒரு புறம் இந்திய அரசு அலுவலகங்களின் வாசலிலும் வாடகைக் கார் நிறுத்தங்களிலும் நின்ற வண்டி; மறுபுறம் கலிஃபோர்னியக் கடற்கரைச் சாலைகளில் பறந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டையும் இயக்கியது ஒரே குடும்பத்து எஞ்சின்.

ஆபிங்டன் ஆலை 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. எம்ஜி என்ற பெயர் பல கைகள் மாறி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சீன நிறுவனங்களிடம் சென்றது. இன்று அதன் உரிமையாளர் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்ஏஐசி. இந்தியாவில் ஜேஎஸ்டபிள்யூ குழுமத்துடன் இணைந்த கூட்டு நிறுவனம் அப்பெயரில் கார்களைத் தயாரிக்கிறது.

சீரமைத்த காரின் மதிப்பு எதில்?

பழைய எம்ஜி ஒன்று விற்பனைக்கு வரும்போது அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது பளபளக்கும் வண்ணத்தை அன்று. தகட்டுக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டத்தையே முதலில் சோதிக்கின்றனர். ஈரம் புகுந்து மரம் உளுத்திருந்தால் கதவு தொங்கும், மூடும்போது பொருந்தாது. அதைச் சரிசெய்ய உடற்கூட்டை முழுவதுமாகக் கழற்றி, தேர்ந்த தச்சரைக் கொண்டு புதிய சட்டம் இழைக்க வேண்டும். சீரமைப்புச் செலவில் பெரும் பங்கை இந்த வேலை விழுங்கிவிடுகிறது.

அடுத்தது எண்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்தவாறே பொருந்தினால் காரின் மதிப்பு உயர்கிறது. டி வரிசைக் கார்களின் சேஸிஸ் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்காமல் 0251 என்று தொடங்குகின்றன. ஆபிங்டன் ஆலையின் தொலைபேசி எண் 251 என்பதே அதற்குக் காரணம். ஒவ்வொரு மாதிரியின் முதல் காரும் அந்த எண்ணைத் தாங்கியே வெளிவந்தது.

எண்களின் முக்கியத்துவம் கே3 போன்ற அரிய கார்களில் மேலும் கூடுகிறது. அவ்வகையில் தயாரானவை முப்பது சொச்சம் மட்டுமே. அதே காலத்தின் சாதாரண எம்ஜி கார்களை மாற்றி, கே3 உருவத்தில் அமைக்கப்பட்ட பிரதிகளும் உலகில் பல உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அசலுக்கும் பிரதிக்கும் இடையிலான விலை வேறுபாடோ மிகப் பெரியது. அதனால் ஆலைப் பதிவேடுகள், பழைய புகைப்படங்கள், முந்தைய உரிமையாளர்களின் ஆவணங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விவரமறிந்தவர்கள் பணம் செலுத்துகின்றனர்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் இக்கார்களைச் சீரமைக்க முடிவதற்குக் கிம்பரின் கொள்கையே பெரிதும் துணைபுரிகிறது. எளிமையான எஞ்சின், பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்பு, பிற கார்களுடன் பகிர்ந்துகொண்ட பாகங்கள் ஆகியவை காரணமாக, மிகச் சிறிய பட்டறையிலும் இவற்றுக்கு உயிரூட்ட இயலும். டி வரிசைக்கான உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனையாகின்றன.

இந்தியாவிலும் டி வரிசை எம்ஜி கார்கள் சில எஞ்சியுள்ளன. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை நகரங்களில் நடைபெறும் பழங்கால கார் அணிவகுப்புகளில் அவற்றைக் காணலாம். இத்தகைய வண்டிகளுக்காக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு தனி விதிகளை வெளியிட்டது. அதன்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் அமைப்பு பெரிதும் மாற்றப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழங்கால வாகனமாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ அவற்றைப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். விற்கவும் வாங்கவும் அனுமதி உண்டு. அதனை இரு தரப்பினரும் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சீரமைப்பு என்ற பெயரில் அசல் எஞ்சினையோ உடற்கூட்டையோ மாற்றிவிட்டால் அந்தத் தகுதியும் கேள்விக்குள்ளாகும். வெளிநாட்டு ஏலக்கூடங்கள் எதனைப் பணத்தால் மதிக்கின்றனவோ, அதனையே இந்திய விதியும் வலியுறுத்துகிறது.

கிம்பரின் பெயரில் கார் எதுவும் வெளிவரவில்லை. ஆலையின் உரிமையாளர் பெயரும் விற்பனை நிலையத்தின் பெயரும் சேர்ந்தே அந்த எண்கோணத்துக்குள் நிற்கின்றன. ஆனால் 1930-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எம்ஜி கார் கிளப், ஆபிங்டனில் பழைய ஆலைக்கு அருகிலுள்ள தன் தலைமையகத்துக்குக் கிம்பர் இல்லம் என்று பெயர் சூட்டியுள்ளது. உலகின் பல நாடுகளில் கிளைகளைக் கொண்ட அந்தச் சங்கத்தில், இக்கார்களை வாங்குபவர்களும் விற்பவர்களும் சீரமைப்பவர்களும் உறுப்பினர்களாக உள்ளனர். எம்ஜியில் எந்தப் பதவியும் இன்றி மறைந்த மனிதரின் பெயரைத் தாங்கிய அந்த முகவரிக்கே, தங்கள் காரின் பிறப்பு விவரத்தை அறிய விரும்பும் உரிமையாளர்கள் இன்று கடிதம் எழுதுகின்றனர்.